மாலினிக்கு இரண்டு ஸ்டார்

ஜூன் 3, செவ்வாய்

தினமும் டைரி எழுத வேண்டும் என்று மாலினி சொல்லிவிட்டாள். கரன்சி வர்த்தகம் பழகுகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது டாலர் இல்லையாம், டைரியாம். என்ன வாங்கினோம், ஏன் வாங்கினோம், வாங்கும்போது மனசு எப்படி இருந்தது. மூன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

சரி. வாங்கியது: யூரோ. ஏன்: பட்டியலில் முதலில் இருந்தது. மனசு: முதுகு வலி.

முதல் பக்கத்தில் நான் யார், எதற்காக இதில் இறங்குகிறேன் என்றும் எழுதச் சொன்னாள். நான் ஜெயக்கொடி. பண்ணைக்காட்டில் ஒன்றரை ஏக்கர் காபித் தோட்டம், நடுநடுவே பட்டர் ஃப்ரூட் மரங்கள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. சுகர் உண்டு, வாய் உண்டு. தோட்டத்துக்குத் தண்ணீர் கொடுத்த ஊற்று இரண்டு வருடமாகக் கண்ணீர் மாதிரிச் சொட்டுகிறது. போர்வெல் போட ஐந்து லட்சம் கேட்கிறார்கள், கையில் மூன்றுதான் இருக்கிறது. மீதி இரண்டை டாலரும் யூரோவும் அடித்துக்கொள்ளும் சண்டையில் நான் பொறுக்கிக்கொள்ளலாம் என்று ஒரு ஆசை.

மாலினியை நான் தேடிப் போகவில்லை. அவளாகத்தான் வந்தாள். "டாக்டர் சுமதி, நாளை உங்களைச் சந்திக்க இயலுமா?" என்று போன மாதம் வாட்ஸாப்பில் ஒரு செய்தி. தப்பான நம்பர். "நான் டாக்டர் இல்லை, சுகர் பேஷண்ட்" என்று பதில் போட்டேன். சிரித்தாள். சிங்கப்பூரில் பேங்க் வேலையாம். ஓய்வு நேரத்தில் பெண்களுக்கு நிதானமாகக் கரன்சி வர்த்தகம் சொல்லித் தருகிறாளாம், இலவசமாக. ஓசியில் எவன் தருவான் என்று கேட்கிற ஆள்தான் நான். ஆனால் இந்த வீட்டில் என்னிடம் பேசுகிற இன்னொரு குரல் மிக்ஸியுடையது. அதனால் கேட்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

இப்போதைக்கு என்னுடையது பயிற்சிக் கணக்கு. போனில் அவள் சொன்ன ஆப்பை இறக்கியதும் பத்தாயிரம் டாலர் பொய்ப் பணம் கொடுத்தார்கள். விலையெல்லாம் நிஜம், பணம் மட்டும் பொய். சொப்பு வைத்துச் சமைக்கிற மாதிரி.

இன்று இரண்டு விதிகள். ஒன்று, கையில் நூறு ரூபாய் இருந்தால் ஒரு தடவைக்கு ஒரு ரூபாய்க்கு மேல் இழக்கத் துணியக் கூடாது. இரண்டு, வாங்கும்போதே 'இந்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிடு' என்று ஒரு நிறுத்து விலை குறித்து வைத்துவிட வேண்டும். பிறகு அதைத் தொடக் கூடாது. நான் தொட்டேன். விலை கீழே போகப் போக, பாவம் திரும்பி வரும் என்று நிறுத்து விலையையும் கீழே இறக்கிக்கொண்டே போனேன். இருநூறு டாலர் காலி.

குரல் செய்தி அனுப்பினாள். "அக்கா, ஏனுங்க்கா அதைத் தொட்டீங்க? அகலக்கால் வைக்காதீங்கன்னு சொன்னனல்லங்க்கா." நிஜமாகவே வருத்தப்பட்டாள். பொய்ப் பணத்துக்கு இப்படி வருத்தப்படுகிறவளை இன்றுதான் பார்க்கிறேன். குரலுக்குப் பின்னால் நிறையப் பேர் தணிந்த குரலில் பேசுகிற சத்தம். என்ன என்று கேட்டேன். ஆபீஸ் என்றாள்.

ஜூன் 9, திங்கள்

தினமும் காலையில் ஒரு போட்டோ வரும். வெள்ளைத் தட்டு, அதில் பச்சையாக ஏதோ நறுக்கிப் போட்டு, பக்கத்தில் மோதிரம் போட்ட ஒரு கை. கீழே எழுத்து: "இனிய காலை வணக்கம் அன்பு ஜெயக்கொடி. இன்று நான் ஆரோக்கியமான அவகாடோ சாலட் உண்டேன். நீங்கள் உண்டீர்களா?" அவள் எழுதினால் பாடப் புத்தகம், பேசினால் பக்கத்து வீடு.

அவகாடோ என்றால் என்ன என்று இன்று தேடிப் பார்த்தேன். என் மரத்தில் காய்த்து, அணில் தின்றது போக நான் கூடைக் கணக்கில் தள்ளிவிடும் பட்டர் ஃப்ரூட்! இதற்கு இத்தனை பவிசா? எங்கள் ஊரில் அதைப் பாலும் சர்க்கரையும் போட்டு அடித்துக் குடிப்போம். எனக்குத்தான் சர்க்கரை ஆகாதே, அதனால் வருஷக்கணக்காக வாயில் வைத்ததில்லை. உப்புப் போட்டுத் தின்கிற பழக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது. எப்படிச் செய்வது என்று கேட்டேன்.

குரலில் சொன்னாள். தாளில் எழுதி வைத்ததைப் பார்த்துப் படிக்கிற மாதிரி ஆரம்பித்தவள், சாமான் சொல்லும்போது இயல்பாகிவிட்டாள். "பழம் லாபம், ரெண்டு. தக்காளி லாபம். சின்ன வெங்காயம் லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அவ்வளவுதானுங்க்கா. எலுமிச்சை பாதி மூடி."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தானிய மண்டியில் மூட்டை எண்ணுகிறவர்கள், படி போட்டு அளக்கிறவர்கள், முதல் எண்ணை ஒண்ணு என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்று ஆரம்பித்து ரெண்டு, மூணு என்று போவார்கள். எண்ணும்போது மட்டும்தான் அப்படி. கடையில் போய் 'லாபம் டீ குடு' என்று யாரும் கேட்பதில்லை. சின்ன வயதில் அப்பாவோடு மண்டிக்குப் போகும்போது கேட்டது. சிங்கப்பூர் பேங்க்காரி வாயில் இது எப்படி?

"நீ எந்த ஊர் மண்டிடி?" என்று கேட்டேன்.

"எங்கப்பா ஒட்டன்சத்திரத்துல மக்காச்சோள மண்டில எடை போடுறாருங்க்கா" என்று ஒரு குரல் செய்தி வந்தது. இரண்டாம் தடவை கேட்கலாம் என்று தொட்டால், 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று இருக்கிறது. அடுத்து எழுத்தில் வந்தது: "நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள்."

சரிதான். ஊரை மறைக்கிற கூட்டம் எங்கும் இருக்கிறது. கொடைக்கானல் என்று சொல்லிக்கொள்கிற பண்ணைக்காட்டுக்காரர்களை நான் பார்த்ததில்லையா?

ஜூன் 10, செவ்வாய்

செய்தேன். காம்புப் பக்கம் அமுக்கினால் லேசாகக் கொடுக்கிற பழமாக எடுத்து, கொட்டையைச் சுற்றிக் கத்தியை ஓட்டி, இரண்டு பாதியையும் எதிரெதிரே திருகினால் அழகாகப் பிரிகிறது. கரண்டியால் வழித்துத் துண்டு போட்டு, வெங்காயம், தக்காளி, கொஞ்சம் கொத்தமல்லி, உப்பு, மிளகு. எலுமிச்சையை உடனே பிழிய வேண்டும், தாமதித்தால் கறுத்துவிடுகிறது. கிளறக் கூடாது, புரட்ட வேண்டும்.

முதல் வாய் சோப்பு. இரண்டாவது வாய் பரவாயில்லை. மூன்றாவது வாயில் தட்டைக் காலி செய்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

சந்தை லீவு. ஆனாலும் மாலினி பேசினாள். நான்கைந்து நாளாக சாலட் தின்கிறேன், சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று சொன்னேன். பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்.

"அக்கா, அது எப்படிங்க்கா இருக்கும்?"

"எது?"

"அந்தப் பழம். இனிக்குமா? புளிக்குமா?"

நீதானேடி தினமும் திங்கிற, போட்டோ போடுற, என்றேன். சிரித்தாள். அது சிரிப்பு மாதிரி இல்லை. "ஆமாங்க்கா. நீங்க சொல்லுங்களேன், கேக்கலாம்னுதான்." நான் சொன்னேன். முந்திரிப் பருப்பை வெண்ணெயில் அரைத்தால் எப்படியோ அப்படி என்றேன். "இன்னும் சொல்லுங்க்கா" என்றாள். தட்டில் எப்படி இருக்கும், நாக்கில் எப்படிக் கரையும், எலுமிச்சை எங்கே தெரியும் என்று சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

போனை வைத்த பிறகு பழைய போட்டோக்களை எல்லாம் வரிசையாகத் தள்ளிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே தட்டு. ஒரே கை. தக்காளித் துண்டு ஒன்று தட்டின் விளிம்பில் ஏறி நிற்கிறது, எல்லாப் போட்டோவிலும் அதே இடத்தில். நிழல் கூட அசையவில்லை.

பிஸியாக இருக்கிற பெண். பழைய படத்தையே அனுப்புகிறாள் போல. இதை ஏன் பெரிதாக எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 19, வியாழன்

இருநூறு டாலர் நஷ்டத்தை மீட்டுவிட்டேன். மேலே நாற்பது லாபம். நிறுத்து விலையைத் தொடவில்லை. முக்கியமான அறிவிப்பு வருகிற நாள் என்று மாலினி சொன்னதால் நேற்று சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்காருவதும் ஒரு வர்த்தகம்தான் என்கிறாள்.

நிஜப் பணம் போடட்டுமா என்று கேட்டேன். ஒரே நேரத்தில் இரண்டு பதில் வந்தது. எழுத்தில்: "அன்பு ஜெயக்கொடி, உண்மைக் கணக்கைத் தொடங்க இதுவே பொன்னான நேரம். உங்கள் கனவுகளைத் தள்ளிப்போடாதீர்கள்." குரலில்: "வேண்டாங்க்கா. இன்னும் பழகுங்க. அவசரமே இல்லை."

எதைக் கேட்பது என்றேன்.

"எழுத்து ஆபீஸ்ல குடுக்குறதுங்க்கா. அப்படியே அனுப்பணும். பேசுறதுதான் நான்."

அப்போது அவள் பக்கம் கண்டாமணி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். உடனே நிறையப் பேர் கை தட்டினார்கள். என்னடி கல்யாணமா என்று கேட்டேன். "இல்லைங்க்கா. இங்க யாருக்காச்சும் பெரிய தொகை வந்தா மணி அடிப்பாங்க. எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டணும்" என்றாள். பேசிக்கொண்டே அவளும் தட்டினாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தட்டினாள் என்று நினைக்கிறேன், என் காதுக்குள்ளேயே தட்டிய மாதிரி இருந்தது.

ஜூன் 23, திங்கள்

மழை. போர் வண்டிக்காரர் போன் செய்தார். ஆடி பிறப்பதற்குள் முன்பணம் தந்தால்தான் தேதி கிடைக்குமாம்.

ஜூன் 24, செவ்வாய்

இன்றும் கேட்டேன். இன்றும் வேண்டாம் என்றாள். பயிற்சிக் கணக்கில் இப்போது முன்னூறு டாலர் லாபம், இன்னும் என்ன பழக்கம்? "நஷ்டம் வந்தா உங்க மனசு எப்படி இருக்கும்னு இன்னும் தெரியலைங்க்கா" என்கிறாள். என் மனசைப் பற்றி இவளுக்கு என்ன அக்கறை? மூன்று லட்சத்தை வைத்துக்கொண்டு சொப்பு விளையாட எனக்கு வயதில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆப்பில் 'உங்கள் ஆசிரியர் எப்படி?' என்று ஒரு பெட்டி இருக்கிறது. புகார் எழுதுவதில் நான் கெட்டிக்காரி. பஸ் நிற்காததற்கு, ரேஷனில் பருப்பு குறைந்ததற்கு, கரண்ட் கம்பம் சாய்ந்ததற்கு, எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறேன், வேலை நடந்திருக்கிறது. இரண்டு ஸ்டார் கொடுத்தேன். கீழே எழுதினேன்: 'நல்ல பெண். ஆனால் மிகவும் பயப்படுகிறார். நான் பணத்தோடு தயாராக இருந்தும் போட விடாமல் தடுக்கிறார். மேலதிகாரிகள் கவனிக்கவும்.'

உடனே பதில் வந்தது. "தங்கள் கருத்துக்கு நன்றி. நடவடிக்கை எடுக்கப்படும்." கரண்ட் ஆபீஸ்காரர்கள் இவர்களிடம் பாடம் படிக்கலாம்.

ஜூன் 25, புதன்

மாலினி இன்று வரவில்லை. தட்டுப் போட்டோ மட்டும் வந்தது.

ஜூன் 26, வியாழன்

இன்றும் இல்லை. யூரோ வாங்கவில்லை. மனசு: எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

"ஹாய் அக்கா, நான் மாலினி" என்று ஒரு குரல். மாலினி இல்லை. பட்டணத்துக் குரல், வழவழவென்று. எங்கே மாலினி என்றேன். "நான்தான்க்கா மாலினி. உடம்பு சரியில்ல, தொண்டை கட்டிருச்சு." தொண்டை கட்டினால் குரல் மாறும், ஊர் மாறுமா?

அவளுக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. சுகர், ஊற்று, போர், மூன்று லட்சம். முந்திரியை வெண்ணெயில் அரைத்த மாதிரி என்று நான் சொன்னது கூடத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லிக் காட்டிச் சிரித்தாள். அதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

நிஜக் கணக்கை இன்றே திறக்கலாம், முதல் தடவை போடுகிற பணத்துக்குப் பத்து சதவீதம் அவர்களே கூடப் போடுவார்களாம். இதைத்தான் நான் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் சந்தோஷம் வரவில்லை.

"சாலட்டுக்கு என்னென்ன வேணும், எண்ணிச் சொல்லு பாப்போம்" என்றேன்.

"பழம் ஒண்ணு ரெண்டு எடுத்துக்கங்க. வெங்காயம் ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"நீ மாலினி இல்லை" என்றேன். கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. "என் மாலினி ஒண்ணுன்னு சொல்ல மாட்டா. லாபம்னு சொல்லுவா. அவளைக் கூப்பிடு. அவ வந்து சொன்னாத்தான் நான் பணம் போடுவேன். இல்லைன்னா சல்லிக்காசு கிடையாது."

அந்தப் பக்கம் யாரோ ஓர் ஆள் வேற்று மொழியில் ஏதோ கேட்டான். "அவங்ககிட்டயே பேசலாம்க்கா, ரெண்டு நாள் டைம் குடுங்க" என்றாள் அந்தப் பெண்.

ஜூன் 30, திங்கள்

மாலினி வந்துவிட்டாள்!

"அக்கா, சாப்டீங்களாங்க்கா?" அவளேதான். மூக்கடைத்த மாதிரி அந்தக் குரல், 'ங்க்கா' என்று இழுக்கிற அந்த இழுப்பு. காய்ச்சலாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன். பெற்றவள் மாதிரி மாத்திரை போட்டியா, கஞ்சி குடித்தாயா என்று கேட்டேன். கொஞ்சம் தாமதமாகப் பதில் வந்தது. "உங்க மேல எனக்கு ரொம்பப் பாசம்க்கா" என்றாள். அவள் இப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. காய்ச்சல் பேச வைக்கிறது.

நிஜப் பணம் போடலாமா என்று கேட்டேன். "போடலாங்க்கா. இப்ப நல்ல நேரங்க்கா" என்றாள். நான் நன்றாகப் பழகிவிட்டேன் என்று அவளுக்கே தோன்றிவிட்டது போல. அந்த ஸ்டாரை ஐந்தாக மாற்றலாம் என்று பார்த்தேன். மாற்ற முடியவில்லை.

சாலட் செய்து சாப்பிட்டேன். பழம் உள்ளே கறுத்திருந்தது.

ஜூலை 2, புதன்

வத்தலக்குண்டு பேங்கில் கூட்டம். மூன்று லட்சத்தையும் ஒரேயடியாகப் போட வேண்டாம், முதலில் ஒன்று போட்டுப் பார்ப்போம் என்று நினைத்திருந்தேன். மாலினி சொல்லிக் கொடுத்த நிதானம்தான். பணம் அனுப்பும் சலானில் அவர்கள் அனுப்பியிருந்த ஏதோ ஒரு டிரேடிங் கம்பெனி பெயரை எழுதிவிட்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு பேர். ஒன்று போடட்டுமா, மூன்றும் போடட்டுமா என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். குரலில் பதில் வந்தது. போனைக் காதில் வைத்தேன்.

"இன்னைக்கு லாபம் லட்சம் போடுங்க்கா. இன்னும் லாபம் வாரம் கழிச்சு மீதி போடலாம். லாபம் நிமிஷத்துல பேங்க் நம்பர் அனுப்புறேன்."

வரிசை நகர்ந்தது. நான் நகரவில்லை. பின்னால் நின்ற அம்மாள் "போங்க" என்று இடித்தார்.

மறுபடி கேட்டேன். அதே குரல். அதே மூக்கடைப்பு. 'லாபம் லட்சம்.' மண்டியில் பிறந்த பிள்ளை, தூக்கத்தில் பேசினாலும் இப்படிப் பேச மாட்டாள். எண்ணுகிற இடத்தில் மட்டும்தான் அந்த வார்த்தை, அது அவர்களுக்குத் தெரியாது. நான் வாயை அடக்காமல் சொன்னேன், அவர்கள் ஒண்ணு வருகிற இடமெல்லாம் அதை எடுத்து ஒட்டிவிட்டார்கள். மாலினியின் தொண்டையை யாரோ எடுத்துப் போட்டுக்கொண்டு என்னிடம் பேசுகிறார்கள்.

சலானைக் கிழித்தேன். கிழித்த துண்டுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

திண்டுக்கல் சைபர் கிரைம் அலுவலகம். ஒரு சப்-இன்ஸ்பெக்டர் பெண், பெயர் நிர்மலாதேவி. பொறுமையாகக் கேட்டார். போனில் இருந்த குரல்களை எல்லாம் போட்டுக் கேட்டார்.

"பணம் போகலை இல்லம்மா? தப்பிச்சீங்க. நம்ம நாட்டுல கரன்சி யாவாரம் அரசாங்கம் அனுமதிச்ச எக்ஸ்சேஞ்ச்ல மட்டும்தான் பண்ணலாம். இந்த ஆப்பே பொய். பயிற்சி, நிஜம் ரெண்டுமே பொய்."

"அந்தப் பொண்ணு?"

அவர் என்னைப் பார்த்தார். "டேட்டா என்ட்ரி வேலைன்னு கூட்டிட்டுப் போய், கட்டடத்துக்குள்ள அடைச்சு வச்சு, இந்த வேலையப் பாக்க வைக்கிறாங்கம்மா. பாஸ்போர்ட்டப் பிடுங்கிருவாங்க. இத்தனை பேர்கிட்ட இத்தனை தொகை வாங்கணும்னு டார்கெட். வாங்கலைன்னா சோறு கிடையாது, அடி."

"கடைசியா பேசுனது அவ குரல்தானே?"

"அவ குரல்தான். அவ பேசுனது இல்லை. கொஞ்ச நேரம் பேசுன ரெக்கார்டிங் இருந்தா போதும், மெஷினே அதே குரல்ல பேசும்."

அப்படியானால் அவள் எங்கே என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார். உண்மைப் பெயர் தெரியுமா, வீடு தெரியுமா என்று கேட்டார். பெற்றவர்கள் வந்து புகார் கொடுத்தால் அந்த நாட்டில் இருக்கிற நம் தூதரகம் வரை கொண்டுபோக வழி இருக்கிறதாம். வெறும் மாலினியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாதாம். ஆளை ஏன் மாற்றினார்கள், ஏதாவது நடந்ததா என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன்.

ஜூலை 5, சனி

தட்டுப் போட்டோ வந்தது. "அன்பு ஜெயக்கொடி, ஏன் மௌனம்?"

சமைக்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

ஒட்டன்சத்திரம். பஸ் மாறி மாறிப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. மக்காச்சோள மண்டி ஒவ்வொன்றாக ஏறி, வெளிநாட்டில் மகள் இருக்கிற எடை போடுகிறவர் யார் என்று கேட்டேன். பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார்கள். மூன்றாவது மண்டியில், "காளியப்பனக் கேக்குறீங்களா? லோடு ஏத்திட்டுத் தாராபுரம் போயிருக்காரு. வீடு பின்னாடிதானுங்க" என்று கை காட்டினார்கள்.

ஓட்டு வீடு. வாசலில் புது ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி கிடந்தது. அந்த அம்மாள் தங்கமணி, என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். உங்கள் பெண்ணின் சிநேகிதி என்றேன், வாய்க்கு வந்த பொய். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"வினோதினியத் தெரியுமாங்க? வாங்க, வாங்க, உள்ள வாங்க. சிங்கப்பூர்லயே பாத்தீங்களா? எளைச்சுப் போச்சுங்களா?"

வினோதினி. சுவரில் படம் இருந்தது. டிகிரி வாங்கிய அன்று எடுத்ததாம். குட்டையாக, பல் லேசாக முன்னால் தள்ளி, போட்டோகிராபரை நம்பாத மாதிரி ஒரு பார்வை. இந்தப் பெண்ணா என்னை அக்கா, அக்கா என்று கூப்பிட்டது? பார்த்ததும் தொட வேண்டும் போல இருந்தது. கண்ணாடியைத் தொட்டேன்.

தங்கமணி மோர் கொண்டுவந்தார். பேச்சை நிறுத்தவில்லை. போய் எட்டு மாதம் ஆகிறது, முதல் இரண்டு மாதம் சம்பளம் ஒழுங்காக வந்தது, இப்போது கம்பெனியே சேமித்து வைத்து மொத்தமாகத் தருமாம். வேலை அதிகம், வீடியோவில் வர நேரமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசிவிடும். "சாப்பாடெல்லாம் நல்லாருக்குதாமுங்க. என்னமோ ஒரு பழம் திங்குது, போட்டோ போடும் பாருங்க" என்று போனைக் காட்டினார். வெள்ளைத் தட்டு. விளிம்பில் தக்காளி.

"கடைசியா எப்பப் பேசினா?" என்றேன்.

"நேத்துக்கூடப் பேசுச்சே."

"நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாளா?"

"சொல்லுச்சுங்க. கொஞ்சம் மெதுவாத்தான் சொல்லும். அங்க லைன் அப்படி." சிரித்தார். சேலைத் தலைப்பால் போனின் கண்ணாடியைத் துடைத்தார். "ஒண்ணே ஒண்ணுதானுங்க, கேட்டா எனக்குச் சிரிப்பு வரும். போன ரெண்டு ஞாயிறா என்னைய அம்மாங்கறதில்லை. அக்கா, சாப்டீங்களாங்க்காங்குது. நான் உன்ற அம்மாடி கண்ணுன்னு சொன்னேன். சரிங்க்காங்குது. அந்த ஊருல எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடோணுமாட்ட இருக்குதுங்க, இல்லீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். பஸ் இருந்தது. அந்த அம்மாள் இன்னும் பல ஞாயிற்றுக்கிழமைகள் சந்தோஷமாக இருப்பார். சொல்ல வேண்டிய மற்றதையும் சொல்ல வேண்டியிருக்காது, யார் எத்தனை ஸ்டார் கொடுத்தது என்பதை. அப்படியும் நினைத்தேன். இந்த டைரியில் மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதானே அந்தப் பெண் சொன்னாள்.

நான் போனை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி, பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். "உக்காருங்க தங்கமணி" என்றேன், அவர் வீட்டிலேயே அவரை. என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, சிரிப்பு நின்றுவிட்டது. உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்க பொண்ணு எனக்கு டீச்சருங்க" என்றேன். "ரொம்ப நல்ல டீச்சர். கடைசி வரைக்கும் என் காசுல ஒரு பைசா போட விடலை."